இருக்கை விரித்துப் பறந்தவன்

லிப்ட் மெக்கானிக் எல்லா வகையிலும் நிதானமான ஆள். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம் கதவிடுக்கு வழியாகக் குடும்ப க்ஷேமம் விசாரித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்திரமாக வெளியே எடுத்துவிடுவான். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, யாரிடமும் வாய்ச்சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு மடக்கு நாற்காலியை முதுகில் கட்டிக்கொண்டு, பூங்காவுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவான். அவன் மனைவியும் ஓடுவாள். மனைவியின் தம்பியும் ஓடுவான். இன்னும் நாலைந்து பேர் ஓடுவார்கள். எல்லார் முதுகிலும் நாற்காலி. இவர்களுக்கெல்லாம் பித்துப் பிடித்துவிட்டதா என்று நீங்கள் கேட்டுச் சிரமப்பட வேண்டாம். மெக்கானிக்கின் மாமனார் அதை வாராவாரம் கேட்டுவிடுகிறார்.

ஆட்டத்தின் பெயர் மேகப்பந்து. முதலில் அது ஒரு நாவலுக்குள் மட்டும் இருந்த ஆட்டம். வேற்று மொழியில் தலையணை தலையணையாக வந்த மாயக் கதை அது. அதில் வானத்து நகரத்து ஜனங்கள் மேகத்துக்கு மேலே பறந்து பறந்து, பந்தை வளையத்துக்குள் போடுவார்கள். படித்தவர்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்து, பறக்கத்தான் வக்கில்லை, ஓடவாவது செய்வோம் என்று தரையில் ஆட ஆரம்பித்தார்கள். பிறகு விதி வந்தது, நடுவர் வந்தார், நாடு நாடாகக் கழகம் வந்தது, கழகத்துக்குள் சண்டையும் வந்தது. சண்டை வந்துவிட்டால் அது உண்மையான விளையாட்டு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மெக்கானிக் கூட்டம் அந்த நாவலைத் தமிழில்தான் படித்தது. தமிழில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. 'வானத்துச் சிறுவர்களுக்குப் பருவம் வந்ததும் முதுகில் இருக்கை முளைக்கும்' என்று போட்டிருந்தது. மாயக் கதைதானே, முளைத்துவிட்டுப் போகட்டும் என்று மேலே படித்தார்கள். 'அவன் இருக்கையை விரித்து எழும்பினான்' என்று அடுத்த பக்கத்தில் வந்தது. விரிக்க முடிகிறது என்றால் அது மடக்கு நாற்காலி, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. 'இருக்கையிலிருந்து ஓர் இறகு உதிர்ந்து மிதந்தது' என்ற இடத்தில் மட்டும் மச்சான்காரன் கொஞ்சம் தயங்கினான். இறகு அடைத்த மெத்தை வைத்த நாற்காலியாக இருக்கும் என்று அவன் அக்கா விளக்கிவிட்டாள். அவள் மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவள் படித்துச் சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறுத்ததில்லை.

விதிப் புத்தகத்தையும் அதே பதிப்பகம்தான் தமிழில் போட்டிருந்தது. முதுகிலிருந்து இருக்கை கழன்றுவிட்டால் ஆள் வானத்திலிருந்து விழுந்துவிட்டதாகக் கணக்கு. விழுந்தவர் தன் எல்லைக்கோட்டுக்குத் திரும்பிப் போய், இருக்கையை மாட்டி, அதை மூன்று முறை ஆட்டிவிட்டு மறுபடி ஆட்டத்துக்குள் வர வேண்டும். நாற்காலியை இடுப்போடு இறுக்கிக் கட்டியிருக்கும்போது அதை ஆட்ட வேண்டுமென்றால் உடம்பில் எதை ஆட்ட வேண்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பூங்காவுக்கு நடக்க வரும் பெரியவர்கள் இந்தக் காட்சிக்காகவே கூடுதலாக ஒரு சுற்று நடந்தார்கள்.

இணையத்தில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தார்கள். அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் முதுகில் வண்ணத் துணி ஒன்று படபடக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மச்சான் ரொம்பப் பரிதாபப்பட்டான்.

"பாவம், நாற்காலி கிடைக்கல போல. உறையை மட்டும் கட்டிக்கிட்டு ஓடுறாங்க."

இனி மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தலை நரைக்கும்வரை ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவரைப் பார்த்து உண்டான பேச்சாகக்கூட இருக்கலாம். அவருக்கென்று ஒரு தொழில்முறை இருந்தது. பக்கத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லை நோக்கிப் பின்னோக்கிப் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் கதை உள்ளே இழுத்துவிடும், இழுத்துவிட்டால் பிழை தப்பிவிடும் என்பது அவர் கட்சி. இப்படியே மலை மலையாகப் படித்துத் தள்ளினார், ஒரு கதையும் அவருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் மெக்கானிக் அவர் மகளுக்கு அனுப்பிய கொஞ்சலான குறுஞ்செய்தி ஒன்று கை தவறி அவருக்குப் போய்விட்டது. மனிதர் கோபப்படவில்லை. ஒற்று மிகும் இடங்களில் ஒற்றுப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்த மேகப்பந்து நாவலும் அவர் கண்பட்டுத்தான் வெளிவந்தது. வேலை பார்த்த புத்தகத்தில் ஒரு பிரதி வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். அதை மகளும் மகனும் கிழியக் கிழியப் படித்தார்கள். கல்யாணமானதும் மகள் அதைப் புகுந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நாற்காலி வியாதி மெக்கானிக்குக்குத் தொற்றியது அப்படித்தான்.

"மாப்பிள்ளை, உக்கார்றதுக்குன்னு ஒருத்தன் நாற்காலியைக் கண்டுபிடிச்சான். அதைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்குன்னு நீங்க ஒருத்தர் பொறந்திருக்கீங்க" என்பார் மாமனார்.

"உலகம் பூரா ஓடுறாங்க மாமா."

"உலகத்தை நான் பார்த்ததில்ல. இந்தத் தெருவைப் பார்த்திருக்கேன். தெருவுல என்னை நாற்காலிக்காரர் மாமனார்னு சொல்றாங்க."

அந்த வருஷம் உலக மேகப்பந்துப் போட்டி இவர்கள் ஊருக்கே வந்தது. மெக்கானிக் பெயர் கொடுத்துவிட்டு வந்து, வாய் நிறையச் சிரிப்போடு மாமனாரிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான விஷயம் பேசும்போதுதான் கழற்றுவார்.

"ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல. தோத்துட்டீங்கன்னா அந்த நாற்காலியக் கூடத்துல போட்டு மனுஷன் மாதிரி உக்காரணும். என் பொண்ணும்தான், பையனும்தான். இந்த ஓட்டமே கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றான் மெக்கானிக். ரோஷத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்துவிட்டோம் என்று புரிந்தது. வாரம் முழுவதும் இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்தோடு மல்லுக்கட்டுபவனுக்கு வானம் என்று ஒன்று கிடைப்பது அந்த ஒரு காலைதான். பந்து கைக்கு வந்து, நாற்காலி முதுகில் கடகடக்க ஓடும்போது, நிஜமாகவே தரையை விட்டுக் கிளம்பிவிட்டதாக அவனுக்குத் தோன்றும். இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அது போய்விட்டால் ஞாயிறும் இன்னொரு திங்கள்தான்.

போட்டியன்று இவர்கள் நாற்காலியும் கையுமாக வாசலில் போய் நின்றபோது காவலாளி கையைக் காட்டி மறித்தார்.

"சேர் வாடகைக்கு விடுறவங்க பின்வழியா போங்க. விருந்தாளிங்க வரிசையில நாலு குறையுது, அங்க போடுங்க."

எல்லோரும் சேர்ந்து விளக்கம் சொல்லி உள்ளே போவதற்குள் மானம் பாதி கப்பலேறிவிட்டது. மீதி உள்ளே காத்திருந்தது. மைதானம் முழுக்க இறக்கைகள். மெல்லிய குச்சியும் பட்டுத் துணியுமாக, மஞ்சளும் நீலமுமாக, ஒவ்வோர் ஆட்டக்காரர் முதுகிலும் ஒரு ஜோடி. மச்சான் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"அத்தான், இங்கயும் எல்லாரும் உறையைத்தான் கட்டியிருக்காங்க."

நடுவர் உயரமான ஒரு பெண்மணி, தமிழ் தெரிந்தவர். கழுத்தில் ஊதல், கையில் மூல மொழி விதிப் புத்தகம். மெக்கானிக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

"இது என்னங்க?"

"இருக்கை."

"அது தெரியுது. இறக்கை எங்க?"

"அதான் சொல்றேனே. இருக்கை."

"இருக்கை இல்லைங்க. இறக்கை."

"இருக்கைதான் இருக்கே."

நடுவர் ஒரு மூச்சு விட்டார். "றெக்கைங்க. றெக்கை. காக்காக்கு இருக்குமே, அது. மூலப் புத்தகத்துல றெக்கைன்னுதான் இருக்கு. உங்க தமிழ்ப் புத்தகத்துல ஒரே ஒரு எழுத்து மாறி இருக்கைன்னு விழுந்திருக்கு."

அத்தனை பேர் மண்டைக்குள்ளும் நாவல் முதல் பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டு ஓடியது. முதுகில் இறக்கை முளைக்கும். இறக்கையை விரித்து எழும்பினான். இறக்கையிலிருந்து இறகு. மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப மூணு தடவை றெக்கையை அடிக்கணும்" என்றாள் நிதானமாக. "இத்தனை நாள் பூங்காவுல, அத்தனை பேர் முன்னாடி, நாம எதை ஆட்டிக்கிட்டிருந்தோம்."

மாமனார் வேலியோரம், முதல் வரிசையில் நின்றிருந்தார். இவர்கள் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகச் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தார். நடுவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"எந்தப் பக்கத்துல மாறியிருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாப் பக்கத்துலயும்தாங்க" என்றார் நடுவர். அவருக்கு இவர் யாரென்று தெரியாது.

"இருக்கைங்கறது சரியான சொல்தானே. அதுல எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே" என்றார் மாமனார். அவர் வேலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

நியாயமாகப் பார்த்தால் மெக்கானிக்குக்கு அன்று கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். வாராவாரம் வாங்கிய பேச்சையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாக்கின் நுனிக்கு நாலைந்து வசனம் வந்தும் விட்டது. ஆனால் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். லிப்ட் பாதியில் நின்று விளக்கும் அணைந்துபோனால் உள்ளே இருப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அப்படி இருந்தது அது.

"பரவாயில்ல, எங்ககிட்ட உபரியா றெக்கை இருக்கு. ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டு வாங்க" என்றார் நடுவர். மச்சான் நீலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையே நீட்டிவிட்டான்.

"வேண்டாங்க" என்றான் மெக்கானிக். "எங்க புத்தகத்துல இருக்கைன்னுதான் இருக்கு. நாங்க அதுலயே ஆடுறோம்."

"அது அச்சுப்பிழைங்க."

"அந்தப் புத்தகத்துல அச்சுப்பிழை கிடையாது" என்றான் வேலிப் பக்கம் கேட்கும்படி. "எங்க மாமா புரூப் பார்த்தது."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். மனைவி கிட்டே வந்து, புருஷனின் நாற்காலிப் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிவிட்டாள். அவனுக்கு மூச்சு முட்டினாலும் சந்தோஷமாக இருந்தது.

எதிரணி, வேறொரு நாட்டிலிருந்து வந்த விமான நிலைய ஊழியர்கள். அவர்கள் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். எதைக் கட்டிக்கொண்டு ஆடினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர்களின் தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடுவரிடம் சொன்னான். நடுவர் நாற்காலிகளைத் தட்டிப் பார்த்து, கூர்முனை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"சரி. இதை றெக்கைன்னே வச்சுக்கறேன். றெக்கைக்கு என்னென்ன சட்டமோ எல்லாம் இதுக்கும் உண்டு. அப்புறம் வந்து அழக்கூடாது."

ஊதல் ஊதுவதற்கு முன் மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். வேலியோரம் மாமனார் இல்லை. தலையைக் குனிந்தபடி வெளியே டீக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தன்னால் வந்த தோல்வியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை போலும்.

ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரணியினர் காற்றாகப் பறந்தார்கள். இவர்கள் பாத்திரக்கடை சரிந்தாற்போல் சத்தத்தோடு பின்னால் ஓடினார்கள். ஆனால் வளையத்தைக் காப்பவள் மெக்கானிக்கின் மனைவி. அவள் வளையத்துக்கு முதுகைக் காட்டவில்லை, பந்துக்குத்தான் காட்டினாள். நாற்காலியை விரித்துக் குனிந்து நின்றாள் என்றால் வளையத்தில் முக்கால்வாசி அடைபட்டுப்போகும். வந்த பந்தெல்லாம் நாற்காலியில் பட்டு வந்த வழியே போனது. பக்கத்தில் வந்து போடலாம் என்றால் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு கால்களுக்குப் பயந்து ஒருவனும் கிட்டே வரவில்லை. பட்டுத் துணி கிழிந்தால் யார் தைப்பது. இந்தப் பக்கமோ, பந்தை எறியக் கையைத் தூக்கும்போதெல்லாம் நாற்காலியின் விளிம்பு எறிந்தவரின் பிடரியில் போட்டது. மச்சான் அடிபட்டு நாற்காலி கழன்றே பாதி ஆட்டம் விழுந்து கிடந்தான். ஒவ்வொரு தடவையும் கோட்டுக்குப் போய்ப் பழக்க தோஷத்தில் மூன்று முறை ஆட்டிவிட்டு வந்தான். கூட்டம் அதற்குத்தான் கை தட்டியது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட விழாமல் ஆட்டம் முடிந்தது.

சமநிலை என்றால் என்ன செய்வது என்று நடுவர் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். அணிக்கு ஒருவர் நடுவில் வர வேண்டும். இறக்கையை விரித்து ஒரே ஒரு முறை எழும்ப வேண்டும். யாருடைய பாதம் அதிக நேரம் தரையில் படாமல் இருக்கிறதோ அவர் அணிக்கு வெற்றி. இறக்கை நுனி தரையில் பட்டால் குற்றமில்லை, துணி நீளமாக இருப்பதால் இந்தச் சலுகை.

எதிரணியில் பெட்டி தூக்கும் நெட்டையன் ஒருவன் வந்தான். ஓர் எழும்பு எழும்பினான். துணி காற்றில் உப்பியது, ஆள் மேலே போனான், பார்த்தவர்கள் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். வாயை மூடுவதற்குள் இறங்கிவிட்டான். மனிதன் எவ்வளவு எழும்பினாலும் அவ்வளவுதான்.

அடுத்து மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்த ஓர் எழும்பலில் தொங்கின. விதியில் உள்ளபடி இருக்கையை விரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினான். அடியில் ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அந்த உயரத்துக்குப் போனான். நாற்காலியின் கனம் அவனைப் பின்னால் இழுத்தது. நாலு கால்களும் தொப்பென்று புல்லில் ஊன்ற, அவன் அதன்மேல் உட்கார்ந்த வாக்கில் வந்து விழுந்தான். அவன் கால்கள் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்தது என்று அவற்றை இறக்கப் போனான்.

"காலைக் கீழ வைக்காதீங்க."

மனைவியின் குரல். வீடு துடைக்கும்போது மட்டும் வரும் குரல் அது. அந்தக் குரலைக் கேட்டால் அவன் எந்த நாற்காலியில் இருந்தாலும் கால்கள் தாமாகவே மேலே நின்றுவிடும். இப்போதும் நின்றன.

எதிரணித் தலைவன் ஓடி வந்தான். அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று விரலை நீட்டிக் கத்தினான். நடுவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"பாதம் படல. பட்டிருக்கறது றெக்கை. றெக்கை பட்டா குத்தமில்ல" என்றார். "நீங்க ஜெயிச்சு ரொம்ப நேரம் ஆச்சுங்க. இறங்கலாம்."

மச்சான் போட்ட கூச்சலில் பாதிக் கூட்டம் எழுந்து நின்றது. மெக்கானிக் மட்டும் இறங்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்தான். அந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

"எங்க மாமா வரட்டும்" என்றான்.

"நான் கடிகாரத்தை நிறுத்தணுமே."

"நீங்க நிறுத்திக்குங்க. நான் இருக்கேன்."

மச்சான் டீக்கடைக்கு ஓடினான். மெக்கானிக்கின் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையை எடுத்தால் கால் சரிந்துவிடும் போலிருந்தது. எதிரணிக்காரர்கள் கோபத்தை மறந்துவிட்டு, இவன் எதற்காக இன்னும் இப்படி இருக்கிறான் என்று சுற்றி வந்து நின்றார்கள். மனைவி விஷயத்தைச் சொன்னாள். நெட்டையன் தன் இறக்கையைக் கழற்றி அவனுக்கு விசிறினான்.

மாமனார் கையில் டீயோடு வந்து சேர்ந்தார். துக்க வீட்டுக்கு வருபவரின் நடை. ஓடி வந்த மகனுக்கு மூச்சு வாங்கியதில் ஒரு சொல்கூடச் சரியாக வரவில்லை, அதனால் அவருக்கு எதுவும் தெரியாது. மைதானத்தின் நடுவே, வேர்வையில் நனைந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருமகனைப் பார்த்தார்.

"உக்காந்துட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். "தோத்தாச்சா?"

"இல்ல மாமா. பறந்துக்கிட்டிருக்கேன்."

மாமனார் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார். பாதத்துக்கும் புல்லுக்கும் நடுவே பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். புரூப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பார்.

"ஆமா" என்றார். "பறக்கத்தான் செய்றீங்க."

பிறகு டீயைப் புல்லில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இறங்குறப்ப சொல்லுங்க மாப்பிள்ளை, பிடிச்சுக்கறேன்."